பதினாறுக்கு எதிரே பத்து

சீட்டுக்கட்டில் எத்தனை ராணி என்று கேட்டால் யோசித்துச் சொல்லும் ஆள் நான். அப்படிப்பட்டவனை, பிளாக்ஜாக் என்ற சீட்டாட்டத்தைப் பற்றி வாதாடி ஜெயித்துவிட்டு வா என்று முதலாளி கொச்சிக்கு அனுப்பினார். நானும் தலைநிமிர்ந்துதான் போனேன். வாதாடுவதற்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும் என்ற அவசியம் எனக்கு எப்போதுமே இருந்ததில்லை.

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் இருபத்திரண்டு வருஷமாகப் பிழை திருத்துகிறேன். பஞ்சாங்கம், காலண்டர், கல்யாணப் பத்திரிகை, பள்ளிக்கூடத்து கைடு, பட்டாசுப் பெட்டி லேபிள் எல்லாம் என் கண்ணைத் தாண்டித்தான் வெளியே போகும். நான் கையெழுத்துப் போடாமல் மெஷினில் பிளேட் ஏறாது. ஒரு பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரும் பெண்ணின் அப்பா பெயரும் இடம் மாறிக் கிடந்ததைக் கண்டுபிடித்து, ஒரு கல்யாணத்தையே காப்பாற்றியிருக்கிறேன். இதை முதலாளி எல்லோரிடமும் சொல்வார். அவர் மறந்துபோனால் நான் சொல்வேன்.

கொச்சி மட்டாஞ்சேரியிலிருந்து வந்த ஆர்டர் இதுதான். சட்டைப் பையில் வைக்கிற அளவில் வழவழப்பான ஓர் அட்டை. ஒரு பக்கம் கொச்சிக் கடலோரத்துச் சீன மீன்வலைப் படம். மறுபக்கம் கட்டம் கட்டமாக ஓர் அட்டவணை. கப்பலில் வந்து இறங்கும் சுற்றுலாக்காரர்கள் கொச்சி ஞாபகமாக வாங்கிப் போவார்கள். கப்பலில் பிளாக்ஜாக் ஆடும்போது எடுத்துப் பார்த்துக்கொள்வார்கள். ஆட்டம் சுலபம். கைக்கு இரண்டு சீட்டு. கூட்டினால் இருபத்தொன்றுக்குப் பக்கத்தில் வர வேண்டும், தாண்டினால் போச்சு. சீட்டுப் போடுகிறவருக்கும் இரண்டு சீட்டு, அதில் ஒன்றுதான் நம் கண்ணுக்குத் தெரியும். பதினேழு சேரும்வரை அவர் எடுத்தே தீர வேண்டும். நமக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. நம் கையில் இவ்வளவு, அவரிடம் தெரிவது இந்தச் சீட்டு என்றால் என்ன செய்வது என்று அட்டை சொல்லும். பச்சைக் கட்டம் என்றால் இன்னொரு சீட்டு எடு. சிவப்பு என்றால் நில்.

வாடிக்கையாளர் பார்த்துச் சம்மதம் சொன்ன பிறகு, கடைசியாக அது என் மேசைக்கு வந்தது. எனக்குப் பகீரென்றது. கையில் பன்னிரண்டிலிருந்து பதினாறு வரை உள்ள ஐந்து வரிசையும் தலைகீழ். எதிரில் பத்து மாதிரிப் பெரிய சீட்டு தெரிந்தால் எடு என்கிறது. ஐந்து, ஆறு மாதிரிச் சின்னச் சீட்டு தெரிந்தால் நில் என்கிறது. யானை வந்தால் எதிரே போய் நில், ஆட்டுக்குட்டி வந்தால் ஓரமாக ஒதுங்கு என்று யாராவது பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பார்களா? பாவம், ஊர் பேர் தெரியாத மனிதர்கள் இதை நம்பி ஆடப் போகிறார்களே என்று, நல்ல மனசோடு அந்த ஐந்து வரிசையிலும் பச்சையையும் சிவப்பையும் மாற்றிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. செய்த நல்லதைச் சொல்லிக் காட்டும் வழக்கம் (கல்யாணப் பத்திரிகை தவிர) எனக்கில்லை.

அச்சடித்த அட்டை நாற்பது பெட்டியும் போய்ச் சேர்ந்த மறுநாள், ‘நாங்கள் அனுப்பியது வேறு, வந்தது வேறு, மாற்றி அடித்துத் தாருங்கள்’ என்று மட்டாஞ்சேரியிலிருந்து போன். எல்லா வாடிக்கையாளரும் பாடுகிற பாட்டுதானே என்று முதலாளி நம்பவில்லை. “பால்பாண்டி, நீ பாத்த சரக்குல தப்பா? நீயே நேர்ல போய்ப் பேசி, சரக்க ஏத்துக்க வச்சிட்டு வாய்யா. தப்பு நம்ம பக்கம்னு ஆச்சு, நீ திரும்பி வரவே வேணாம்” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் அதில் பாதிதான் சிரிப்பு. பிழை பார்க்கும் கணினி ஒன்று என் மேசைக்கு எதிர் மேசையில் வந்து உட்கார்ந்து ஆறு மாதமாகிறது. எனக்கு வயது ஐம்பத்தொன்று.

முதல் நாள் காலை கொச்சியில் வைட்டிலா பஸ் நிலையத்தில் இறங்கினேன். படகுத்துறைக்கு எந்த பஸ் என்று கேட்டதற்கு ஒரு கண்டக்டர் இடது பக்கம் நின்ற வண்டியைக் காட்டினார். வலது பக்கத்து வண்டிதான் கடலைப் பார்த்து நின்றது போல் எனக்குத் தோன்றியது. அவர் அவசரத்தில் மாற்றிச் சொல்கிறார் என்று முடிவுசெய்து வலது பக்கத்தில் ஏறினேன். அது என்னைத் தேவராவில் கொண்டுபோய் விட்டது. அங்கே தண்ணீர் இருந்தது, நான் போக வேண்டிய படகு இல்லை.

ஒருவழியாக ஆட்டோ பிடித்து எர்ணாகுளம் படகுத்துறைக்கு வந்து மட்டாஞ்சேரி படகில் உட்கார்ந்தேன். பக்கத்தில் குடையை மடியில் வைத்திருந்த ஒரு பெரியவர், “தமிழ்நாடா? சபரிமலைக்கா?” என்று மலையாளத்தில் கேட்டார். “இல்லீங்க, சீட்டாட்ட விஷயமா வந்திருக்கேன்” என்றேன். அவர் குடையை எடுத்துக்கொண்டு அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார்.

எங்கள் ஊரில் மழை பெய்யாததுதான் மூலதனம். காகிதம் காய்ந்து மொறமொறவென்று நிற்கும், மை சட்டென்று பிடிக்கும். கொச்சியில் இறங்கிய அரை மணியில் என் சட்டைப் பையில் இருந்த டிக்கெட் துணி போலத் தொய்ந்துவிட்டது. இந்த ஈரத்தில் மனிதர்கள் எப்படிப் பத்திரிகை படிக்கிறார்கள் என்று தெரியவில்லை. பகல் சாப்பாட்டுக்குக் கடையில் உட்கார்ந்தால், ஒவ்வொரு பருக்கையும் பல்லளவு பெரிதான சிவப்பரிசிச் சோறு. குடிக்க இளஞ்சிவப்பாகச் சுடுதண்ணீர். மெஷின் ரோலரைக் கழுவி ஊற்றுகிற தண்ணீர் எங்கள் ஊரில் அச்சு அசலாக இந்த நிறம்தான். தொடவில்லை. மூலிகைப் பட்டை போட்ட தண்ணீர், வயிற்றுக்கு நல்லது என்று சப்ளையர் சொன்னார். அவர் அப்படித்தான் சொல்வார்.

மட்டாஞ்சேரியில் கொச்சங்காடி என்ற பகுதியில் ஆர்டர் கொடுத்தவரின் கிடங்கைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. ஒரு காலத்தில் சுக்கு மூட்டை அடுக்கிய இடமாம், வாசலிலேயே தும்மல் வந்தது. உள்ளே பரிசுப் பொருள்கள்: சின்னச் சின்னப் படகு, மரயானை, கதகளி முகம், ஒரு மூலையில் என் நாற்பது பெட்டி. நடத்துகிறவர் வைதேகி. பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம், பிறந்து வளர்ந்தது மட்டாஞ்சேரியில். வயது நாற்பத்தைந்து இருக்கலாம். தமிழ் பேசுவார், வாசிக்க மலையாளம்தான் வரும். எல்லோரும் சேச்சி, அதாவது அக்கா, என்று கூப்பிட்டதால், என்னைவிடச் சின்னவரான அவரை நானும் சேச்சி என்றே கூப்பிட்டேன்.

“வாங்கோ. வழி தெரிஞ்சுதோ? சாயா குடிக்கறேளா?” என்றவர், சாயா வரும்முன்பே விஷயத்துக்கு வந்துவிட்டார். “நீங்களோ என் அட்டையைத் திருத்தினது?”

“தப்பா இருந்துச்சு. சரி பண்ணேன்.”

“பதினாறுக்கு எதிரே பத்து தெரியறது. என்ன செய்வேள்?”

“நிப்பேன். எடுத்தா தாண்டிரும்ல?”

சேச்சி என்னை இரக்கத்தோடு பார்த்தார். “பதினொரு வருஷம் கப்பல்ல சீட்டுப் போட்டவளாக்கும் நான். இந்த ஒரு கட்டத்துலதான் எல்லாரும் என்கிட்ட தோத்துட்டுப் போவா.”

இது எனக்குச் செய்தி. சீட்டாட்ட மேசையில் வேலை பார்த்தவரிடமே சீட்டாட்டம் பேச வந்திருக்கிறேன். வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் இறங்கி வந்திருப்பார்கள். “கப்பல்ல ஆடறவங்க அறிவில்லாம ஆடியிருப்பாங்க” என்றேன் நான்.

சேச்சிக்கு மூக்கு சிவந்துவிட்டது. “செரி. நாளைக்கும் மறுநாளும் ஆடிப் பார்த்துடலாம். நீங்க உங்க அட்டையை வெச்சு ஆடுங்கோ, இங்க வேலை பார்க்கற முருகேசன் நான் அனுப்பின அட்டவணையை வெச்சு ஆடட்டும். சீட்டு நான் போடறேன். நீங்க முன்னால வந்தா நாப்பது பெட்டியும் எடுத்துக்கறேன். இல்லைன்னா, தப்பு உங்களோடதுன்னு உங்க முதலாளிக்கு உங்க கையால எழுதணும்.” ஒத்துக்கொண்டேன். பெட்டியோடு என் வேலையும் அந்தச் சீட்டுக்கட்டில் மாட்டிக்கொண்டது என்பது சாயாவைக் குடித்து முடித்த பிறகுதான் உறைத்தது.

இரண்டாம் நாள் காலை புட்டும் கடலைக்கறியும். புட்டு என்றால் எங்கள் வீட்டில் சீனி போட்டுப் பிசைந்து சாப்பிடுவது. கடலைக் குழம்பு ஊற்றிக்கொண்டு பக்கத்தில் ஒருவர் சாப்பிட்டதைப் பார்த்து, வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்துப் பிறகு பேசாமல் சாப்பிட்டேன். நன்றாகவே இருந்தது. வீட்டில் சொல்லப் போவதில்லை.

கிடங்கில் இரண்டு பெட்டிக்கு நடுவே ஒரு பலகையைப் போட்டு மேசையாக்கியிருந்தார்கள். முருகேசன் சங்கரன்கோவில் பக்கத்து ஆள், இங்கே சரக்குக் கட்டுகிற வேலை. நம்ம ஊர்க்காரன் என்று சந்தோஷப்பட்டால், எதிர்க் கட்சியில் உட்காருகிறான். கணக்கு வைக்க பேபி சேட்டன், அதாவது பேபி அண்ணன். பெயரைக் கேட்டுச் சின்னப் பையனைத் தேடினேன். ஆறடி உயரத்தில், நரைத்த மீசையோடு ஒரு சுமைதூக்கும் தொழிலாளி எழுந்து நின்றார்.

பேபி சேட்டன் முதலிலேயே ஓர் ஆட்சேபம் எழுப்பினார். அவர் பேசியது மலையாளம், எனக்குப் புரிந்த அளவில் தமிழில்: “காசு வைத்து ஆடக் கூடாது, சரி. குணுக்கு இல்லாமல் சீட்டைத் தொட்டால் என் அப்பன் குழியிலிருந்து எழுந்து வந்து உதைப்பான்.” இந்த ஊர்ப்பக்கம் சீட்டாட்டத்தில் தோற்றவர் காதில் எதையாவது தொங்கவிட்டுக்கொண்டுதான் ஆட்டத்தைத் தொடர வேண்டும். அதுதான் குணுக்கு. முன்பெல்லாம் இலை, ஓலை. இப்போது துணி காயப்போடும் கிளிப். பேபி சேட்டன் தயாராக ஒரு டஜன் வாங்கி வந்திருந்தார். பத்துப் பத்து ஆட்டமாக ஆடுவது. ஒவ்வொரு பத்திலும் எங்கள் இருவரில் குறைவாக ஜெயித்தவர் காதில் ஒரு கிளிப். அடுத்த பத்தில் அதிகமாக ஜெயித்தால் ஒன்றைக் கழற்றிக்கொள்ளலாம்.

ஆரம்பமே அமோகம். எனக்குப் பதின்மூன்று, சேச்சியிடம் தெரிவது ஆறு. என் அட்டை எடு என்றது. எடுத்தேன், எட்டு வந்தது. இருபத்தொன்று! அதே பதின்மூன்றை வைத்துக்கொண்டு முருகேசன் சேச்சியின் அட்டவணைப்படி பேசாமல் நின்றான். சேச்சி மறைத்த சீட்டைத் திருப்பினால் பத்து, பதினாறாச்சு, இன்னொன்று எடுத்தார், நாலு. இருபது. முருகேசன் காலி. சேச்சி சீட்டைத் திரட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார்: “தப்பாக்கும். ஆனா ஜெயிச்சாச்சு.”

மதியம் வருவதற்குள் அந்த வாக்கியத்தை நான் முப்பது தடவை கேட்டிருப்பேன். நான் நிற்கக் கூடாத இடத்தில் நின்றேன், சேச்சி தாண்டினார். எடுக்கக் கூடாத இடத்தில் எடுத்தேன், வர வேண்டிய சீட்டு வந்தது. ஈரத்தில் சீட்டெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. அதைப் பிரித்துப் போட்டாலும் எனக்கு நல்லதே விழுந்தது. முருகேசன் காதில் மூன்று கிளிப். “அண்ணாச்சி, பக்கத்து ஊர்க்காரன்னு கொஞ்சம் பாத்து ஆடுங்க, காது அந்து போயிரும் போல” என்றான். கப்பையும் மீன்குழம்பும் வந்தது. கப்பை என்றால் மரவள்ளிக்கிழங்கு. மீன்குழம்பில் புளிக்குப் பதில் கறுப்பாக ஏதோ போடுகிறார்கள், நாக்கு சுளீரென்றது. ஜெயித்தவனுக்குப் பெரிய துண்டு மீன் என்று பேபி சேட்டன் எடுத்து வைத்தார்.

சாயங்காலம் முதலாளிக்குப் போன் போட்டேன். “நம்ம அட்டைதான் ஜெயிக்குது மொதலாளி.” அவர் மெஷின் சத்தத்துக்கு மேலே கத்தினார்: “எனக்குத் தெரியும்யா!”

மூன்றாம் நாள் முருகேசன் மேசைக்கு வர மறுத்துவிட்டான். காதுமடல் இரண்டும் வற்றல் மிளகாய் நிறத்தில் இருந்தன. அவனுக்குப் பதில் சேச்சியின் அட்டவணையோடு பேபி சேட்டன் உட்கார்ந்தார். தினமும் மூட்டை தூக்குகிற மனிதர், கிளிப்புக்கு அழ மாட்டார் என்று நினைத்தேன். நாலாவது கிளிப்பில் கண்ணில் தண்ணீர். அதற்குள் தெருவுக்கே செய்தி போய்விட்டது. சாயாக் கடைக்காரர் வந்து நின்று பார்த்தார். எதிர்க் கிடங்கிலிருந்து நாலு பேர். “சிவகாசி அட்டைக்கு ராசி இருக்கிறது” என்று சாயாக் கடைக்காரர் தீர்ப்புச் சொல்லி, தனக்கு ஒன்று கேட்டார். பேபி சேட்டன், காதில் கிளிப்போடு, தனக்கு இரண்டு கேட்டார்.

எனக்கு ஒரே கொண்டாட்டமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு தடவையும் சேச்சி அதே குரலில், கோபமே இல்லாமல், “தப்பாக்கும். ஆனா ஜெயிச்சாச்சு” என்று சொல்லச் சொல்ல எனக்கு எரிச்சல் ஏறிக்கொண்டே போனது. தோற்ற ஆத்திரத்தில் சொல்லியிருந்தால் பொறுத்திருப்பேன். இருபத்திரண்டு வருஷத்தில் என்னைப் பார்த்துத் தப்பு என்று சொன்ன முதல் ஆள் இவர்.

கடைசி ஆட்டம். எனக்குப் பதினாறு. சேச்சியிடம் தெரிவது பத்து. என் அட்டைப்படி நின்றேன். பேபி சேட்டனுக்குப் பதினாலு. சேச்சியின் அட்டவணைப்படி எடுத்தார், பத்து வந்து தாண்டிப் போனார். சேச்சி மறைத்த சீட்டைத் திருப்பினார்: ஆறு. எடுத்தே ஆக வேண்டும், எடுத்தார்: ஒன்பது. இருபத்தைந்து. சாயாக் கடைக்காரர் என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார்.

“வாக்கு வாக்குதான். நாப்பது பெட்டியும் எடுத்துக்கறேன், நாளைக்குக் காலம்பற வந்து, சரக்கை ஏத்துண்டேன்னு கடுதாசி வாங்கிக்கோங்கோ” என்றார் சேச்சி. கூட்டம் கலைந்த பிறகு மெதுவாகச் சேர்த்துக்கொண்டார்: “விக்க மட்டும் மாட்டேன். தப்புன்னு தெரிஞ்சதை வாங்க வர ஆள்கார் கையில கொடுக்க எனக்கு மனசு வராது. அந்த மூலையிலேயே கெடக்கட்டும்.”

“இவ்வளவு தெரிஞ்சவங்க ரெண்டு நாள் ஆட்டத்தை நம்பி ஏன் வாக்குக் கொடுத்தீங்க?”

“ரெண்டு நாள் போறும்னு நெனச்சேன். ரெண்டாயிரம் நாள் ஆடினா செரியானதுதான் ஜெயிக்கும். ரெண்டு நாள்ல எதுவும் ஜெயிக்கும். எனக்கே தெரியும், வாய் முந்திண்டுது. சாரமில்லை.” சாரமில்லை என்றால் பரவாயில்லை என்று அர்த்தம். பரவாயில்லை என்று அவர் முகம் சொல்லவில்லை.

போய்விட்டிருக்கலாம். ஆனால் கேட்காமல் போக முடியவில்லை. “சேச்சி, நான் எங்கதான் தப்பு?”

அவர் ஒரு கூடை ஜாதிக்காயையும் இரண்டு தட்டையும் கொண்டுவந்து வைத்தார். “நீங்களே சீட்டுப் போடுங்கோ. ஆறுல தொடங்கி, பதினேழு ஆகற வரைக்கும் எடுங்கோ. தாண்டினா இந்தத் தட்டுல ஒரு ஜாதிக்கா, தாண்டாட்டி அந்தத் தட்டுல.” போட்டேன். சலிக்கச் சலிக்கப் போட்டேன். இரண்டு தட்டும் ஏறக்குறைய சமமாக நிறைந்தன. “இனி பத்துல தொடங்குங்கோ.” இந்தத் தடவை தாண்டிய தட்டில் அங்கொன்று இங்கொன்று. தாண்டாத தட்டு குவிந்து வழிந்து ஜாதிக்காய் தரையில் உருண்டது.

குனிந்து பொறுக்கும்போது விளங்கிவிட்டது. ஆறு தெரிகிறவர் பாதி நேரம் தானாகவே கவிழ்வார். நான் ஒதுங்கி நின்றால் போதும். பத்து தெரிகிறவர் கவிழ மாட்டார்; அவரிடம் பதினாறோடு நிற்பது சும்மா நின்று அடி வாங்குவது.

“அப்போ பதினாறுக்கு எதிரே பத்துன்னா, எடுத்தா ஜெயிக்கலாமா?”

“இல்லை. எடுத்தாலும் முக்காவாசி தோப்பேள். எடுக்காட்டி அதைவிடக் கொஞ்சம் கூடத் தோப்பேள். அவ்வளவுதான் வித்தியாசம்.”

“இதுக்குப் பேரு சரியா?”

“அதே. இதுக்குப் பேராக்கும் சரி.”

அன்று இருட்டுவதற்குள் அறைக்குப் போய்விட்டேன். சாப்பிடப் பிடிக்கவில்லை. பயமாக இருந்தது, அதை ஒளிப்பானேன். கடிதத்தை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனால் மாலை மரியாதை. யாருக்கும் எதுவும் தெரியாது. பெட்டிகளைச் சேச்சி மூலையில் போட்டுவிடுவார். ஆனால் நான் கையெழுத்துப் போட்ட தப்பு நாற்பது பெட்டி நிறைய இந்த ஊரில் கிடக்கும், அதற்கு அந்தப் பெண் காவல் இருப்பார். உண்மையைச் சொன்னால், ஐம்பத்தொரு வயதில் இன்னோர் அச்சகம் என்னை எடுக்காது. அவமானம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கமாகப் புரண்டுகொண்டிருந்தேன்.

நாலாம் நாள் காலை கிடங்குக்குப் போனதும், கடிதத்தை நீட்டிய சேச்சியிடம் வேண்டாம் என்றேன். “தப்பு என்னோடது. மொதலாளிகிட்ட நானே சொல்லிடறேன்.” அவர் கடிதத்தை இரண்டாக மடித்து டப்பாவுக்குள் போட்டுவிட்டு, ரொம்பச் சாதாரணமாக, “அப்போ ஒரு தடவை செரியா ஆடிப் பார்த்துட்டுச் சொல்லுங்கோ” என்று சீட்டைக் குலுக்கினார். போன் செய்வதைத் தள்ளிப்போட எனக்கும் ஒரு காரணம் கிடைத்தது.

நான் சேச்சியின் அட்டவணையை எடுத்துக்கொண்டேன். எதிரில் முருகேசன், கையில் ராசியான என் அட்டையோடு. முதல் பத்தில் எனக்கு ஒரு கிளிப். இரண்டாவதில் இன்னொன்று. இவ்வளவு வலிக்கும் என்று முருகேசன் சொன்னபோது நான் நம்பவில்லை. பதினாறு வந்தது, எதிரே பத்து. எடு என்றது அட்டவணை. எடுத்தேன், ஆறு, தாண்டியது. முருகேசன் பதினைந்தை வைத்துக்கொண்டு சும்மா நின்றான்; சேச்சி தாண்டினார்; அவன் ஜெயித்தான். நாலாவது கிளிப்பை பேபி சேட்டன் மிகுந்த அக்கறையோடு இடது காதில் மாட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. முதலாளி, வீடியோவில்.

“யோவ், காதுல என்னய்யா?”

“கிளிப்பு, மொதலாளி. தோத்துட்டேன்.”

“முந்தாநேத்து நம்ம அட்டைதான் ஜெயிக்குதுன்னு சொன்ன?”

“நேத்து வரைக்கும் தப்பா ஆடி ஜெயிச்சேன். இன்னிக்குச் சரியா ஆடித் தோத்துக்கிட்டிருக்கேன்.”

“ஒனக்கு அந்த ஊர்த் தண்ணி ஒத்துக்கலயா?”

மூச்சை இழுத்துப் பிடித்துச் சொல்லிவிட்டேன். அவர்கள் அனுப்பியது சரியாக இருந்தது, சம்மதம் வந்த பிறகு மாற்றியது நான், யாரையும் கேட்காமல் மாற்றினேன் என்று. முதலாளி போனை வைத்துவிட்டார்.

பேபி சேட்டன் கிளிப்பைக் கழற்ற வந்தார், இருக்கட்டும் என்றேன். மழை தகர ஓட்டில் அடித்துக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் கழித்துப் போன் சிணுங்கியது. முதலாளியின் குரல் பதிவும் ஒரு படமும். “அவங்க மொதல்ல அனுப்பிச்சதையே வச்சு மறுபடி கம்போஸ் பண்ணியாச்சு. சாயங்காலம் பிளேட் போடணும், அவங்களுக்குக் கப்பல் வருதாமே. கடைசியா நீதான் பாக்கணும், இங்க வேற யாரு இருக்கா? இதுலயும் ஒரே ஒரு கட்டம் மாறி இருந்துச்சு, அங்கேயே மூட்ட தூக்கிப் பொழச்சுக்கோ.”

கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு கட்டம் கட்டமாகப் பார்க்க ஆரம்பித்தேன். பதினாறாம் வரிசை சரி. பதினைந்து, பதினாலு, பதின்மூன்று, எல்லாம் நான் படித்த பாடப்படி: எதிரே சின்னச் சீட்டு என்றால் சிவப்பு, பெரிய சீட்டு என்றால் பச்சை. பன்னிரண்டாம் வரிசைக்கு வந்தேன். எதிரே நாலு, ஐந்து, ஆறு சிவப்பு. சரி. எதிரே இரண்டு, மூன்று? பச்சை.

சின்னச் சீட்டுக்கு எதிரே பச்சையா! கம்போஸ் பண்ணின பையன் அவசரத்தில் கோட்டை விட்டிருக்கிறான். நல்லவேளை, நான் பார்த்தேன். ‘பன்னிரண்டாம் வரிசை, முதல் இரண்டு கட்டம், சிவப்பாக மாற்றவும்’ என்று முதலாளிக்குத் தட்டி முடித்தேன். அனுப்புகிற இடத்தில் விரல் நின்றது. நிறுத்தியது நான்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. தட்டியதையெல்லாம் ஒவ்வோர் எழுத்தாக அழித்தேன். எழுந்து போய்ச் சேச்சியிடம் போனை நீட்டினேன்.

“சேச்சி, இந்த ரெண்டு கட்டம் மட்டும் ஏன் பச்சையா இருக்கு?”

சேச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

“அதுவும் செரியாக்கும். இப்பவாவது கேக்கத் தோணித்தே” என்று சொல்லி, பக்கத்தில் இருந்த பெட்டியை எனக்கு உட்கார இழுத்துப் போட்டார்.